நடு சிலிண்டர்

கோரிமேடு. காலை பத்தரை.
மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு
"மிதிச்சுக்கிட்டே செல்ஃப் அடி" என்றார் அந்தோணிராசு.
நூற்றறுபது. எழுபது. நூற்றைம்பத்தைந்து.

மீட்டர் கேபிள் அறுந்து ஆறு வருடமானதை
நான் சொல்லவில்லை.
கேஜ் முள் சொன்னது.

நடுத்துளையில் ஒரு மூடி ஆயில் விட்டார்.
மறுபடி செல்ஃப்.
எழுபது, நூற்றிருபதானது.
"வால்வு இல்ல. ரிங்கு."

ஆக,
ஏற்காடு ரோட்டில் பதினாலாம் கொண்டை ஊசியில்
உதறி உதறி நின்றதற்கு
காப்பி மூட்டைகளைத் திட்டியது தப்பு.

பிளக் மாட்டி உசுப்பினார்.
நீலப்புகை கக்கி ஓய்ந்தபின்
ஊற்றிய ஆயிலின் தயவில்
ஆம்னி கொஞ்ச நேரம் உதறவில்லை.

நாலு மணிக்கு
அம்மாபேட்டையிலிருந்து வண்டி பார்க்க வருகிறார்கள்.
அதுவரை தாங்குமா என்று
நான் கேட்கவே இல்லை.

பனியன் வேஸ்ட்டில் விரல் துடைத்தபடி
"தாங்காது" என்றார்.