ரப்பர் வளையம்

இதைச் சேமித்து வைக்க முடியாது.
சிலிண்டரில் அடைத்து லாரியில் ஏற்றி
எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.
வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில்
கண்ணாடிக் குழாய்க்குள்
ஊதா வெளிச்சம் நடுங்க நடுங்கப்
பிறக்கவைக்க வேண்டும்.
தண்ணீரில் இறங்கினால்
இருபது நிமிடம். அவ்வளவுதான் ஆயுள்.

லாபே ஆற்று வளைவில்
சாய ஆலையின் மூன்றாம் கொட்டகை.
செம்மஞ்சளாக உள்ளே வரும் கழிவுநீர்.
அடியிலிருந்து குமிழ் ஏற ஏற
நிறத்தைப் பிடித்துவைத்த
நைட்ரஜன் முடிச்சுகள் அவிழும்.
மறுமுனையில் வெளுத்த தேநீர்,
பிறகு
தண்ணீர்.

கதவில் ஒட்டாகர் எழுதிய தகரப் பலகை:
மின்னல் வெட்டிய மணம் வந்தால்
ரசித்துக்கொண்டு நிற்காதே, ஓடு.

லிபுஷேவுக்கு மணம் வராது.
பிப்ரவரிக் காய்ச்சல் போகும்போது
மூக்கையும் கொண்டுபோனது.
ஒருவரிடமும் சொல்லவில்லை.
ஆலை மருத்துவர் டப்பாவை நீட்டியபோது
"காபி" என்றாள்.
டப்பாவின் மேல் எழுதியிருந்தது.

சுவரில் உணரி இருக்கிறது. பச்சை விளக்கு.
ஆனாலும் ஒரு விளக்கை மட்டும் நம்பி
பன்னிரண்டு மணி நேரம்
யாரால் மூச்சுவிட முடியும்?

கூந்தலை அவிழ்த்தாள்.
கட்டியிருந்த ரப்பர் வளையத்தை
இரண்டு ஆணிகளுக்கிடையே
இழுத்து மாட்டினாள்,
மிச்ச வாயுவைச் சிதைக்கும் கலத்துக்குப் போகும் குழாயின் கீழே.
தளர்ந்து கிடக்கும் ரப்பர் தாங்கிக்கொள்ளும்.
விறைத்து நிற்பதைத்தான்
ஓசோன் தேடி வந்து கடிக்கும்.
அவளுக்கு அது தெரியும்.
இரவுக்கு ஒரு வளையம்,
எட்டு மாதமாக.

அக்டோபர், ஞாயிறு, அதிகாலை நாலு பத்து.
விளக்கு பச்சை.
வளையத்தின் குறுக்கே
பனியில் வெடித்த உதடு போல
மயிரிழைக் கீறல்கள்.
குனிந்து பார்க்கும்போதே
டப்.

விசையை இறக்கினாள். ஊதா அணைந்தது.
கொட்டகைக்கு வெளியே மூடுபனியில் நின்று
ஒட்டாகரைத் தொலைபேசியில் எழுப்பினாள்.

முகமூடியோடு உள்ளே போனவன் திரும்பி வந்தான்.
குழாய் இணைப்பில் வளையம் தேய்ந்திருக்கிறது.
சுவர் உணரியின் தலையில்
வெள்ளையடித்தவர்கள் கட்டிய பாலிதீன் பை,
வியாழக்கிழமையிலிருந்து அப்படியே.
"முகமூடி போடுமுன் வாசலிலேயே
என் தொண்டை எரிந்தது" என்றான்.
"உனக்கு மணமே வரவில்லையா?"

பையிலிருந்த கசகசா ரொட்டியைப் பிய்த்து
பாதியை அவனிடம் நீட்டினாள்.
"இதற்கும் வராது."

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
கசிவு கண்டறிந்த முறை.
ஒட்டாகர் பேனாவைத் திறந்து
வெகுநேரம் வைத்திருந்தான்.
"உள்ளதை எழுது" என்றாள்
முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கியபடி.
கட்டுவதற்கு ஒன்றுமில்லை.

தொட்டியில்
பாதி வெளுத்த தண்ணீர்
பாதியிலேயே நின்றது.