கைப்பிடி கனக்கும்போது

பெட்டியைத் திறக்கக் கூடாதென்று
பண்ணை மேலாளர் எழுதி ஒட்டியிருந்தார்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
திருப்புளி இருந்தது.
தியெரா தெல் ஃபுவேகோவின் ஜூலை இரவு
பதினேழு மணிநேர நீளத்தில் இருந்தது.

உள்ளே ஐந்து குதிரை லாடங்கள்
தோளோடு தோள் ஒட்டி நின்றன. காந்தங்கள்.
என் தையல் ஊசியை எட்டிப் பறித்துக்கொண்டன.
அவற்றின் கால்களுக்கு நடுவே
சுழலக் காத்திருக்கும் ஓர் இரும்புக் கட்டை.
அதன் இடுப்பில் பச்சைப் பட்டு போர்த்திய செம்புக்கம்பி,
இரண்டாயிரம் சுற்றாவது இருக்கும்.
எண்ணவில்லை. கம்பளி நூற்பவள் நான்,
கண்ணளவு போதும்.

கம்பியின் ஒரு முனை அச்சிலேயே பற்றவைத்திருந்தது.
மறுமுனை அச்சைத் தொடாமல் அதன் நடுவே நுழைந்து
நுனியில் எட்டிப் பார்த்தது.
அங்கே ஒரு வில்தகடு, ஓயாமல் உரசியபடி.
சுழல்வதும் நிற்பதும் பேசிக்கொள்ள
ஒரு மிளகளவு இடம்.

தகட்டில் ஒரு விரல், அச்சில் ஒரு விரல்.
மறுகையால் சுற்றினேன்.
மெதுவாகச் சுற்றினால் ஒன்றுமில்லை.
வேகம் கூடக் கூட அதற்குப் பல் முளைக்கிறது.

அன்றிரவு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
கட்டை காந்தத்தை முகத்துக்கு முகம் பார்க்கும்போது
உள்ளே காந்தம் நிறைந்து நிற்கிறது.
நிறைந்து நிற்கும் அந்தக் கணத்தில்
மின்சாரம் இல்லை.
முகம் திருப்பும்போதுதான்,
நிறைந்தது வடிந்து எதிர்ப்பக்கமாக நிரம்பத் தொடங்கும்
அந்த விளிம்பில்தான்
கடிக்கிறது.

அரைச் சுற்றுக்கு ஒரு தள்ளு.
அடுத்த அரைச் சுற்றுக்கு ஓர் இழுப்பு.
முப்பது கிலோமீட்டர் அப்பால் எதுவினா பாரியா வீட்டில்
இரண்டு கிண்ணம், நடுவே ஒரு நாக்கு:
தள்ளினால் இடது, இழுத்தால் வலது.
ஒரே பக்கமாய்ப் போகும் மின்சாரமென்றால்
நாக்கு ஒரு கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு
ஊமையாகியிருக்கும்.

எங்களுக்கு நடுவே இருப்பது ஆட்டுவேலியின் மேல்கம்பி.
திரும்பி வரும் வழி, மண்.

கைப்பிடியைக் கேட்டால் எல்லாம் தெரியும்.
மறுமுனையில் மணி இருந்தால்
கஞ்சி கிண்டும் கனம்.
கம்பி ஈரமண்ணில் விழுந்து கிடந்தால்
நிறைந்த வாளியை இறைக்கும் கனம்.
அறுந்திருந்தால் கனமே இல்லை.
அனுப்புவதை யாரோ வாங்கினால்தான்
இங்கே தோள் வலிக்கும்.
கடன் சொல்ல முடியாத கடை அது.

செவ்வாய்க்கிழமை
கைப்பிடி காற்றில் சுற்றுவதுபோல் சுற்றியது.
குவானாக்கோ மந்தை வேலி தாண்டியிருக்கும்;
கடைசியாகத் தாண்டுவது எப்போதும் கால் இடறும்.
நசாரியோ இடுக்கியோடு குதிரையேறினான்.
"மணி அடிக்கும்போதும் அரைமணிக்கும் மட்டும் சுற்று.
நடுவில் நான் கம்பியைத் தொடுவேன்."
அவனிடம் கைக்கடிகாரம்.
என்னிடம் சுவர்க்கடிகாரம்;
அது நாளுக்குப் பதினொரு நிமிடம் முந்தும்.
இருவரும் மறந்துவிட்டோம்.

பத்து மணி. லேசு.
பத்தரை. லேசு.
பதினொன்று. லேசு.
பதினொன்றரைக்குக் கஞ்சி கெட்டியானது.
கைப்பிடியை விடுவதற்குள் எதுவினா:
"என்ன, உங்க வீட்ல எல்லாரும் செத்துட்டீங்களா?"
சிரித்தேன். அவள் பசு கன்று போட்டதைச் சொன்னாள்.
வெகுநேரம் சொன்னாள்.

இருட்டியபின் அவன் வந்தான்.
மீசையெல்லாம் பனி.
"கடிச்சிட்டே," என்றான்.
கையுறையோடு முறுக்க வரவில்லையாம்.
வெறுங்கையில் இரண்டு முனையையும்
இழுத்துப் பிடித்திருந்தானாம்.
"பிடிச்சு, விட்டு, பிடிச்சு, விட்டு,
குதிரை தோலைச் சிலிர்க்குமே, அப்படி."
உள்ளங்கையைக் காட்டினான். அடையாளம் எதுவும் இல்லை.
அவனுக்குச் சிரிப்புதான்.

எனக்குப் பதினொரு மணி ஞாபகம் வந்தது.
கம்பிக்கு நடுவே அவன் நின்றிருக்கிறான்.
அவன் வழியாகத்தான் போய் வந்திருக்கிறது.
கைப்பிடி லேசாகவே இருந்தது.

ரொட்டியை வெட்டினேன்.
வழக்கத்தைவிடத் தடிமனாக.