வெடிக்காத தோட்டாவுக்கு

மூன்று பேராக வந்தீர்கள்.
பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டத்தை விற்றுக்
கப்பலேறிய துரை
ரைபிளோடு சேர்த்துத் தந்த அட்டைப்பெட்டியில்
ஐந்து பேருக்கு இடமிருந்தது.
முந்நூற்று எழுபத்தைந்து என்று உங்கள் குலப்பெயர்.
யானைக்குக் கொஞ்சம் இறுக்கம், மானுக்குத் தொளதொளப்பு,
காட்டுமாட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது என்றார்.

சரிந்த தோள் உனக்கு.
இடுப்பில் பிள்ளைக்குக் கட்டிய அரைஞாண் போல
ஒரு பித்தளைப் பட்டை.
குண்டு மட்டும் இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறையும்,
அமலோற்பவத்தின் சங்கிலியைவிடக் கனம்.
அவளே சொன்னாள்:
நீ ஒருதரம் விரலை மடக்கினால்
ஒரு சங்கிலி போச்சு.

புதிது கேட்டதற்கு மதுரைக் கடைக்காரர் கையை விரித்தார்.
இறக்குமதி நின்று வருஷமாகிறதாம்.
அதனால் குறி பழக உங்களைத் தொடவில்லை.
கதவைச் சாத்திக்கொண்டு வெறும் விசையை இழுத்து
சுவர்க் காலண்டரின் பதினேழாம் தேதியை
மாதம் முழுக்கச் சுட்டேன்.

கார்த்திகை.
லைசென்சில் ஒரு காட்டுமாடு, ஆண், என்றிருந்தது.
தடியன்குடிசைக்கு மேலே
ஏலச்சரிவு முடிந்து சோலை தொடங்கும் இடத்தில்
வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால் முதலில் தெரிந்தது.
மூடுபனி விலகப் பிறகு
மீதி மலை.

உன் மூத்தவன் போனான்.
எண்பது எட்டு. நின்ற மாடு. ஓய்ந்த காற்று.
சாக்குச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.
தோளுக்குப் பின்னே ஒரு சாண் தள்ளிப் பட்டது.

வீரணன் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினான்.
இரத்தத்தில் அரைபட்ட பச்சைப் புல்.
குடல், என்றான்.
பேசிய கூலி அந்த இலையோடு தீர்ந்துவிட்டது.
அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு
அவனேதான் முன்னால் நடந்தான்.

காயம்பட்டதைக் காட்டில் விட்டு
வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியாது.
தின்றவர்களை எனக்குத் தெரியும்,
இருவர் என் பந்துக்கள்.

மூன்று மணி நேரம்.
கணுக்காலில் அட்டைகள், பிடுங்க நேரமில்லை.
பிரம்புப் புதருக்குள் அது திரும்பி நின்றது
பதினைந்து எட்டில்,
தான் வந்த தடத்தையே பார்த்தபடி,
அதாவது எங்களை.

தோளில் கட்டை. விசை.

டிக்.

பதினேழாம் தேதியைச் சுட்ட
அதே சத்தம்.

வெடிக்காததை உடனே வெளியே எடுக்காதே,
உள்ளே நெருப்பு தூங்கி எழலாம்,
அரை நிமிடம் பொறு என்பது விதி.
மாட்டுக்கு விதி தெரியாது.
எனக்கும் மறந்துவிட்டது.
ஆனாலும் பொறுத்தேன், கை வரவில்லை.

அது பாயவில்லை.
கடைவாயில் மெல்லாத ஒரு புல் நுனி.
கண்ணோரத்தில் ஈ. காது ஒருமுறை அசைந்தது,
ஈக்காக, எனக்காக அல்ல.
மூக்கிலிருந்து வந்த ஆவி
மூடுபனியில் தனியாகத் தெரிந்தது.
எங்கோ ஒரு குருவி சீழ்க்கையைத் தொடங்கிப்
பாதியில் விட்டது.

பிறகு கை வந்தது.
போல்ட்டை இழுத்தேன், நீ சருகில் விழுந்தாய்.
உன் இளையவன் உள்ளே போனான்,
அவன் வேலையைச் சரியாகச் செய்தான்.
அதை எழுத எனக்கு ஆசையில்லை.

கறியைப் பங்குபோட ஊரே ஏறி வந்தபோது
வீரணன் சருகைக் கிளறி உன்னை எடுத்துத்
துடைக்காமல் என் பையில் போட்டான்.

இப்போது வேட்டைக்குச் சட்டம் பூட்டுப் போட்டாயிற்று.
நல்லதுதான்.
தேர்தலுக்குத் தேர்தல் தாண்டிக்குடி ஸ்டேஷனில்
ரைபிளை ஒப்படைக்கிறேன், உன்னையும்.
புதிதாக மாற்றலில் வந்த ரைட்டர்
உன்னைக் கவிழ்த்துப் பார்த்தார்.
அடியில் ஊசி குத்திய பள்ளம்,
மூக்கில் போகாத குண்டு.

சார், இது லைவ்வா, காலியா?

பேரேட்டில் இரண்டே கட்டம்.
நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
காதருகே வைத்துக் குலுக்கினார்,
சட்டென்று நிறுத்தினார்.
இரண்டு கட்டத்துக்கும் நடுவே கோட்டின் மேல்
பென்சிலால் ஒன்று என்று போட்டு
உன்னைத் தன் நாற்காலிக்கு எட்டாத தூரத்தில்,
ஜன்னலோரம் வைத்தார்.