பட்டறையில் இருந்த காற்று

இரும்பு வெட்டத்தான் வாங்கினேன் அந்த உருளையை.
உடம்புக்கு ஆகுமா என்று கேட்டதற்கு
கம்பெனிக்காரன் போனிலேயே சிரித்தான்:
"எல்லாம் ஒரே காத்துதான் அண்ணே,
பேப்பர்தான் வேற."

மோல்மேனில் அந்த ஆடி முழுக்க
மழை ஒரு நாள் விடவில்லை.
ஆஸ்பத்திரி கேட்டில் சங்கிலி.
ஒரே ஒரு டாக்டர் எங்கே இருக்கிறார் என்று
எங்கள் சந்துக்குத் தெரியும்; சொல்ல மாட்டோம்.
இருட்டிய பிறகு போனில் மட்டும் வருவார்.
"தொண்ணூறுக்குக் கீழே போனால் கொடு.
இரண்டு பேர் ஒரே நேரத்தில் போனால்..."
அங்கே லைன் அறுந்துவிடும்.
அறுந்ததா, அறுத்தாரா,
நான் கேட்டதில்லை.

பதினேழு வீடு.
உருளை ஒன்று, அப்புறம் பாதி.
விரலில் மாட்டும் மெஷின் ஒன்று,
டோ எய் மியாவின் மகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது.
நகச்சாயம் பூசிய விரலில் அது பொய் சொல்லும்
என்று மூன்றாம் நாள் தெரிந்தது.
அதற்குள் ஒரு பொய்யை நம்பியிருந்தோம்.

கூழ் ஊற்றாமல் கவிழ்ந்து கிடந்த
அம்மன் கோயில் அண்டாவில்
மூக்குக் குழாய்களைக் கொதிக்கவைத்தாள் பூங்காவனம்.
தண்ணீர் பாட்டில் மூடியில் துளைபோட்டு
காற்று குமிழியிட்டுப் போக வழி செய்தது நான்.
ஒழுகாமல் ஒட்டத் தெரியும்.
அவ்வளவுதான் என் வைத்தியம்.

மஞ்சள் துணி கட்டிய வீட்டுக்கு மருந்து வேண்டும்.
வெள்ளைத் துணி என்றால் அரிசி.
அன்வர் பாய் வாசலில் இரண்டும் தொங்கின.
பிறகு இரண்டையும்
அவர் மருமகனே அவிழ்த்தான்.

மகனின் கணக்கு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி
எழுதிக்கொண்டே வந்தேன்:
கோ தெட் லுவின், 86, ஒன்பது பத்து முதல் பத்தே கால் வரை.
செங்கேணி, 88, அரை மணி.
செங்கேணி, 85, அரை மணி.
செங்கேணி.

ஸ்பானரை லோஞ்சி முடிச்சில் செருகியே படுப்பேன்.
புரளும்போதெல்லாம் குத்தும்.
குத்தட்டும் என்றுதான்.

மூன்றாம் வெள்ளி ராத்திரி, கரண்ட் இல்லை.
மச்சான் காலி உருளையோடு
பேக்டரி வாசலில் நேற்றிலிருந்து வரிசையில்.
மாணிக்கவேலு, எண்பத்தொன்று.
எதிர்வீட்டில் மா தின்சா, எழுபத்திரண்டு,
ஆறு மாதம் வேறு.
டார்ச் அடித்துப் பார்த்தேன்,
முள் சிவப்புக்கு ஒரு மயிரிழை மேலே.

எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம்
தகட்டின் கனம், வெட்டும் நீளம்.

வால்வை மூடினேன்.
அவர் கண் திறந்தார். உதடு வறண்டிருந்தது.
"அவளுக்கா" என்றாரா, "எனக்கா" என்றாரா,
மழைச் சத்தத்தில் முதல் எழுத்து கேட்கவில்லை.
ஆமாம் என்றேன்.
இரண்டுக்கும் அது பதிலாகும் என்று
அந்த நேரத்தில் தோன்றியது.

மா தின்சா இருக்கிறாள்.
பிள்ளை தங்கவில்லை.
நோட்டில் மாணிக்கவேலு பெயருக்கு நேரே
"முதல்" இருக்கிறது.
"வரை" எழுத விட்டுப்போயிற்று.

மார்கழியில் அவர் மகன் சங்கிலிவேல் வந்தான்,
உடைந்த சைக்கிள் கேரியரைத் தூக்கிக்கொண்டு.
அப்பாவின் சைக்கிள்.
ஆயிரத்து ஐந்நூறு ஜாட் என்றேன்.
பேரம் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

பற்றவைத்து முடித்தேன்.
சுடரை அணைத்த பிறகும்
ஸ்ஸ் என்று அது போய்க்கொண்டே இருந்தது.
நான் அதைக் கேட்டபடி நின்றிருக்கிறேன்,
எவ்வளவு நேரமோ.

"திறந்தே இருக்கு மாமா, வீணாப் போகுது"
என்றான் சங்கிலிவேல்.
பிறகு அவனே கை நீட்டி
வால்வை மூடினான்.