செம்பு வாஷர்

ஐ.டி.ஐ சான்றிதழில் என் பெயர் முழுதாக இருந்தது.
கிண்டி எஸ்டேட் சர்வீஸ் சென்டரில்
முதல் ஏழு மாதம்
நான் 'ஏம்மா'.

ஏம்மா, பன்னெண்டு பதிமூணு எடு.
ஏம்மா, டார்ச்சைத் தூக்கிப் பிடி.
ஏம்மா, அங்க நிக்காத, லிஃப்ட் எறங்குது.

பெண்களுக்கான கழிப்பறை ரிசப்ஷன் பக்கம்,
கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்டை.
என் பூட்ஸ் தடத்தின் பின்னாலேயே
மாப் போட்டுக்கொண்டு வருவார் தெய்வானை அக்கா.
திட்டியிருந்தால் தேவலை.

குணாளனுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம்.
சொல்லித்தர மாட்டான். மறைக்கவும் தெரியாது.
அவன் முழங்கை எந்தக் கோணத்தில் நிற்கிறதோ
அதை வைத்தே நட்டு எவ்வளவு இறுக்கம் என்று
தெரிந்துகொண்டேன்.
எட்டாம் மாதம் பிரேக் பேடு நான்தான் மாற்றினேன்.
பதினோராம் மாதம் கியர்பாக்ஸ் இறக்கிக் கிளட்ச்.
ஜாப் கார்டில் டெக்னீஷியன் என்ற கட்டத்தில்
அவன் பெயர், சாய்வாக, கீழே ஒரு கோடு.
இன்சென்டிவ் பட்டியலிலும் அதே பெயர்.

டிசம்பரில் வேளச்சேரியிலிருந்து வண்டிகள் வந்தன,
எதுவும் தன் சக்கரத்தில் உருண்டு வரவில்லை.
ஐம்பத்திமூன்று.
வரிசை தெருமுனை திரும்பிப் போய் நின்றது.
டேஷ்போர்டுப் பிள்ளையார் கழுத்து வரை சேறு.
ஒரு ஏர் ஃபில்டருக்குள் ஆகாயத்தாமரைத் தண்டு,
இன்னும் பச்சையாக.

டிப்ஸ்டிக்கை இழுத்தால்
பால் டீ.
ஆயில் அந்த நிறத்தில் வந்தால்
சாவியைத் தொடக்கூடாது.
தொட்டவர்களின் கனெக்டிங் ராடுகளை
மூலையில் ஒரு பக்கெட்டில் போட்டு வைத்தோம்,
வளைந்து வளைந்து,
முருங்கைக்காய் மாதிரி.

"ஸ்டார்ட் பண்ணலம்மா, சத்தியமா பண்ணல."
கால் டாக்ஸி ஓட்டுகிற அருள்தாஸ்
மூன்று நாளும் இதையே சொன்னார்,
நான் போலீஸ் போல.
பொய் சொல்லவில்லை அவர்.
நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு
கிராங்க் புல்லியைச் சுற்றியதும்
குபுக்கென்று வெளியே வந்து விழுந்தது
வேளச்சேரி,
என் கழுத்தில் பாதி.

மூன்று தடவை ஆயில் ஊற்றி வடித்தேன்.
நாலாம் நாள் இருமியது, ஓடியது.
குணாளன் அப்போது வேறொரு வண்டிக்கு அடியில்,
கால் மட்டும் தெரிந்தது.
அட்வைசர் இம்தியாஸ் கார்டை நீட்டி
"யாராச்சும் ஒரு பேர எழுதுங்கப்பா" என்றார்.
எழுதினேன். யுவஸ்ரீ மு.
கட்டம் சின்னது.
'மு.' கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

பார்க் ஸ்டேஷனில் மாறி
வியாசர்பாடி ஜீவாவில் இறங்கி
வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்:
சம்பளம் ஏத்துனாங்களா?
இல்லை.
அப்புறம் எதுக்கு இளிக்கிற?

ஆறாம் நாள் அருள்தாஸ் திரும்பி வந்தார்.
கத்தவில்லை. போனில் ஒரு படம் காட்டினார்.
வாசல் டைல்ஸில் கறுப்பாக ஒரு பொட்டு,
பக்கத்தில் முந்தாநாள் பொட்டு.
"யுவஸ்ரீ யாரு?"
அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து
என் பெயர் வெளியே வந்தது
அதுதான் முதல் தடவை.

குணாளன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.
சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை.

அடியில் படுத்தேன்.
ட்ரெயின் பிளக்கில் பழைய செம்பு வாஷர்.
அவசரத்தில் அதையே திரும்பப் போட்டிருக்கிறேன்.
ஒரு தடவைதான் அது நசுங்கும்.
இரண்டாம் தடவை நசுங்கினதாக நடிக்கும்.
புதுசு பதினெட்டு ரூபாய்.

காரணம் என்ற கட்டத்தில்
'பார்ட் டிஃபெக்ட்' எழுதச் சொல்லி
இம்தியாஸ் கண்ணைக் காட்டினார்.
எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள்.
பேனா கிரீஸில் வழுக்கியது.
வாஷர் மாற்றவில்லை என்று எழுதிவிட்டு
டெக்னீஷியன் கட்டத்தில்
இந்தத் தடவை
'மு.'வை முதலில் போட்டேன்.
இடம் இருந்தது.