தண்ணீரைத் தேய்ப்பது

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையம்.
ஒன்பதே காலுக்குத்தான் வண்டி.
மடியில் அறக்கட்டளையின் படிவம்.
மூன்றாம் கேள்வி:
திட்டத்தால் மாணவர் அடைந்த மாற்றங்கள் யாவை?
எழுத நான்கு கோடு விட்டிருக்கிறார்கள்.

முதல் வியாழனே தலைமையாசிரியர் கேட்டார்,
"ஓவியர்தானே? முன் சுவத்துல ஒரு மயில்,
பக்கத்துல ரெண்டு நெல்கதிர், போதும்."
மயில் எனக்கு வராது சார் என்றேன்.
வராத ஒருத்தியை ஏன் அனுப்பினார்கள் என்று
அவர் முகம் கேட்டது.

ஏழாம் வகுப்பு. முப்பத்தோரு பேர்.
காசு மேல தாளை வச்சுத் தேய்ச்சிருக்கீங்களா?
எல்லாக் கையும் எழுந்தது.
அப்போ பாடம் முடிஞ்சுது,
இனி பள்ளிக்கூடத்தைத் தேய்ங்க.

கறுப்பு க்ரேயான் அன்றே தீர்ந்தது.
பெஞ்சில் யாரோ காம்பஸால் கீறிவிட்டுப் போன சு + ம,
சத்துணவுக் கூடத்துச் சல்லடை,
சைக்கிள் டயர்,
அடிபம்பில் வார்த்திருந்த வருடம்,
கணக்கு சாரின் செருப்பு
(அவர் கண்ணயர்ந்த நேரத்தில். என்னிடம் கேட்கவில்லை).

கபிலேஷ் மட்டும் மூன்று வியாழன் சும்மா இருந்தான்.
நான்காவது வாரம் மதகோடு வந்தான்.
இரும்புப் பலகையில் பொறித்த எண்,
மேலே திருகுக் கம்பியின் மரை,
துரு நகர்ந்த இடம்கூட விழுந்திருந்தது.
இரண்டு கிலோமீட்டர் நடந்திருக்கிறான்.
எதுக்குடா இதை?
"இது தொறந்தாதான் மிஸ் எங்களுக்கு."

பவதாரணி தாளை வயலில் விரித்திருந்தாள்,
வெடிப்புக்குள் பாதம் இறங்கும் ஜூன் மாத வயல்.
மண்கட்டிகள் கறுத்து வந்தன,
வெடிப்பு மட்டும் வெள்ளை.
ஆறு கிளை பிரியறாப்ல இருக்கே என்றேன்,
கலைக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்த நான்.
அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
"ஆறு இப்டி மூலை மூலையா திரும்பாது மிஸ்."

ஜூலையில் ஒரு வியாழன்
வகுப்பில் பாதிப் பேர் இல்லை.
"தண்ணி வந்துருச்சு மிஸ்."
மீதிப் பாதியோடு நானும் வாய்க்காலுக்குப் போனேன்.
கணக்கு சாரும் வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

நுரை, சருகு, ஒரு பிளாஸ்டிக் பாட்டில்
எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு
நாம் நடக்கும் வேகத்தில்தான் வந்தது.
ஓட்டைகளில் நின்று, குடித்து, பிறகு வந்தது.
ரிஸ்வானா தாளோடு குனிந்தவள் நிமிர்ந்து கேட்டாள்,
"தண்ணிய எப்டி மிஸ் தேய்க்கிறது?"

தெரியல என்றேன்.
என் பாடத் திட்டத்தில் அப்படி ஒரு வரியே இல்லை.

ஒருத்தி தாளைத் தண்ணீர்மேல் வைத்தாள், முழுகியது.
ஒருவன் க்ரேயான் முழுக்கப் பூசி முக்கினான்,
முத்து முத்தாய் உருண்டு ஓடிவிட்டது.
கபிலேஷ் இருபதடி முன்னால் ஓடி
காய்ந்த தரையில் தாளை விரித்து
நாலு மூலைக்கும் கல் வைத்து
பக்கத்தில் குந்திக்கொண்டான்.
வந்தது. ஏறியது. தாண்டிப் போனது.
தூக்கிப் பார்த்தால்
தாள் முழுக்க வண்டல், வரி வரியாய்,
ஒவ்வொரு வரியும் அது தயங்கிய இடம்.
"நா தேய்க்கல மிஸ். அதுவே தேய்ச்சிக்கிச்சு."

மயிலுக்கு ஒதுக்கிய சுவரில்
இன்று முப்பது தாள் ஒட்டினோம்.
கணக்கு சார் ஒன்றின்முன் நெடுநேரம் நின்றார்.
"இந்தத் தேய்மானம் எனக்குத் தெரிஞ்சதாச்சே" என்று
தன் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார்.
தலைமையாசிரியர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

முப்பத்தொன்றாவதைக் கபிலேஷ் தரவில்லை.
கேட்டேன். கெஞ்சியும் பார்த்தேன்.
அறக்கட்டளைக்கு அனுப்பணும்டா, படம் பிடிச்சிட்டுத் தந்துடறேன்.
சட்டைக்குள் வைத்துக்கொண்டான்,
பொத்தான் வழியே மண் உதிர்ந்தது.
"என்னோடது மிஸ்."

வண்டி உறுமுகிறது. பேனா மூடியைக் கடித்தபடி
மூன்றாம் கேள்விக்கு எழுதுகிறேன்:
ஒரு மாணவர் தன் படைப்பைத் தர மறுத்துவிட்டார்.

இன்னும் மூன்று கோடு காலியாக இருக்கிறது.
இருக்கட்டும்.