இரண்டாம் பரிசு

கத்பர்ட்டின் லீக்ஸ் இரண்டாவது வந்தது.
ராப்சனுடையதைவிட
ஒரு விரற்கடை குறைவாம்.
ஆஷிங்டன் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில்
நாடா வைத்து அளந்து சொன்னார்கள்.

முந்தின இரவு அதைப்
பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து,
பாலில் நனைத்த துணியால் ஒற்றி,
என் நல்ல துண்டில் சுற்றிப் படுக்கவைத்தான்.
இன்று என் பலகையில் கிடக்கிறது,
முழங்கை கனத்தில்.

சூப்புக்கு நான் பொறுக்குவது வேறு ரகம்:
பெருவிரல் பருமன், அழுத்தினால் அமுங்காதது,
வெள்ளை நீண்டு, பச்சை நுனி வாடாதது.
இதன் நடுத்தண்டு மரத்திருக்குமோ என்னவோ.

வேர்த்தாடியை அரிந்தேன்.
அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
நெடுக்கக் கத்தியை ஓட்டினேன்.

அடுக்குக்கு அடுக்கு
கருமண்.

குழாயடியில் தலைகீழாய்ப் பிடித்து
ஏடு ஏடாய் விரித்து
விரலால் வழித்தேன்.
மூன்று தண்ணீர் மாற்றியும்
பாத்திரத்தின் அடியில் நறநற.

"உப்புப் போட்டாயா?" என்றது
அவன் முதுகு.

வெண்ணெயில் வதங்க வதங்க
அத்தனை பருமனும்
ஒரு கைப்பிடி.

கிண்ணத்தை வைத்தேன். குடித்தான்.
இரண்டாவது கரண்டியில்
பல்லில் மணல் கடிபட்ட சத்தம்
எனக்கே கேட்டது.

துப்பவில்லை.